தோணிக்கு நீலம் கலந்த கதை

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது; ஒளிப்பானேன்? 1977. தூத்துக்குடியில் மாதிரிக் கப்பல்கள் செய்யும் அம்புரோஸ் வீட்டில், அக்ரிலிக் பெயிண்டில் மண்ணெண்ணெயை ஊற்றிக் கலக்கியவன் நான். எனாமலுக்கு அப்படித்தானே செய்வோம்? பால் திரிந்ததுபோல் ஆகிவிட்டது.

"ஏலே, இது தண்ணியில கலக்குற பெயிண்ட்டுலே! ஜப்பான் கப்பல்ல வந்த புட்டி. ஒங்கப்பனா வாங்கித் தருவான்?" என்று கத்தினார் அம்புரோஸ்.

ஒரு கதை எழுதி மனுஷரைக் கோமாளியாக்கிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'முத்துக்குளித்துறையின் நீலக் கடல்மீது அந்தி...' சீச்சீ.

இரண்டாவது: 'இசபெல்லா ஒரு பலகைத் துண்டோடு அம்புரோஸ் வீட்டுக்கு வந்தாள்.' இது இருக்கட்டும்.

அவள் கணவன் மனுவேல் தோணியில் கொழும்புக்குப் போய் நாலு மாதமாகிறது. போன வாரம் வேம்பார்க் கரையில் நீலப் பலகை ஒன்று ஒதுங்கியது. அவன் போன தோணியின் பலகைதான், இறந்தவனுக்குப் பூசை வைத்துவிடுவோம் என்கிறது புருஷன் வீடு. அவள் சம்மதிக்கவில்லை.

"நீலத் தோணி இந்தக் கரையில ஒண்ணே ஒண்ணுதானா, அண்ணாச்சி?"

நியாயமான கேள்வி. ஆனால் தோணிக்காரர் மிச்சமிருந்த நீலத்தையும் பச்சையையும் ஒன்றாகக் கொட்டி அடித்திருந்தார். அந்த நிறம் வேறு யாரிடமும் இல்லை. அந்தத் தோணிக்கு மாதிரி செய்வதற்காக அம்புரோஸ் அதன் அருகிலேயே உட்கார்ந்து அதே நிறத்தைக் கலந்து, எந்த நிறம் எத்தனை சொட்டு என்ற கணக்கைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்.

(வெயிலில் நிறம் வெளுத்திருக்காதா என்று கேட்கும் புத்திசாலி வாசகருக்கு: பலகையில் ஒரு கட்டை அறையப்பட்டிருந்தது. அதைப் பெயர்த்து, வெயில் படாத அடியில்தான் பார்த்தார்கள். திருப்தியா?)

3

பெயிண்ட் கலக்க ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உதவாது. காய்ந்ததும் உப்புப் பூக்கும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைத்தான் விடுவார். பால் பதம் வரவேண்டும். கெட்டியானால் சின்ன ஸ்ப்ரே கன்னின் மூக்கு அடைக்கும், நீர்த்தால் வழியும். கன்னுக்குக் காற்று, ஊதி நிரப்பிய ஒரு லாரி ட்யூபிலிருந்து.

அம்புரோஸ் வேண்டுமென்றே ஒரு சொட்டுப் பச்சையைக் குறை—

இல்லை. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அடித்துவிட்டேன். என் மண்ணெண்ணெயை மன்னிக்காதவர் பொய் நிறம் கலப்பாரா? அந்த நேர்மை அன்றும் எனக்கு எரிச்சல், இன்றும் எரிச்சல். அவளுக்காகவாவது கொஞ்சம் வளையக் கூடாதா?

கணக்குப்படியே கலந்து ஒரு குச்சியில் அடித்தார்.

"ஈரத்துல வெளுப்பாத்தான் தெரியும். காஞ்சாத்தான் சொந்த நெறம். செத்த இரு தங்கச்சி."

பலகையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நான் குச்சிக்கு விசிறினேன். (நான் எப்போது கதைக்குள் வந்தேன்? வந்துவிட்டேன். பெயிண்டைத் தொடத்தான் விடமாட்டார்.)

4

காய்ந்தது. குச்சியைப் பலகைமேல் வைத்தார். குச்சி எது, பலகை எது என்று தெரியவில்லை.

அழுதாள். அதை அழகாக எழுத எனக்கு மனசில்லை.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கொழுந்தனார் வாசல்ல நிக்காவ, அண்ணாச்சி. இப்ப உள்ள வந்து பாப்பாவ."

"பாக்கட்டும் தங்கச்சி."

"ரெண்டு சொட்டு வெள்ளை கூட விட்டு, வேற குச்சியில அடிச்சிக் காட்டுங்க, இது அந்தத் தோணி இல்லன்னு போயிருவாவ. எனக்குத் தெரிஞ்சிட்டு. நான் அழுதுக்கிடுதேன். நாளைக்கே பூசை வச்சி, தாலியக் கழத்தி, எம்புள்ளையள அப்பனில்லாததுகன்னு ஊரு சொல்லணுமா? கொஞ்ச நாளு போவட்டும்."

இப்படிக் கேட்பாள் என்று நான் நினைக்கவேயில்லை. ஏமாறப் போகிறவள் என்றல்லவா இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்!

அம்புரோஸ் வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் யோசனை கேட்பதுபோல் பார்க்கிறார். என்னைப் பார்த்து என்ன பிரயோசனம்? நான் கையைக் கட்டிக்கொண்டேன். வாசகரே, வெள்ளைப் புட்டி உங்கள் பக்கம்தான் இருக்கிறது. சீக்கிரம், கொழுந்தன் செருப்பைக் கழற்றிவிட்டான்.