ஆறரைக்கு நிற்கும் பாட்டு

தோர்கிலின் வீட்டில் தினமும் மாலை ஆறரைக்குப் பாட்டு நின்றுபோனது.

ஸ்ட்ரூர் ஊரின் ஒலிபெருக்கித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் காதை நம்பிப் பிழைத்தவர் அவர். கூடத்தில் தன் கையால் கட்டிய ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு நின்றன. நடுவே, இணையத்திலிருந்து பாட்டை இழுத்துத் தரும் திரையில்லாத கறுப்புப் பெட்டி. பொத்தானைத் தொட்டால் அருமையாகப் பாடும். ஆறரையானால் பாதி வரியில் வாயை மூடிக்கொள்ளும். மறுபடி அழுத்தினால் ஒரு நிமிஷம் பாடிவிட்டுத் திரும்பவும் நிற்கும்.

முதலில் வைஃபை மேல் சந்தேகப்பட்டார். ரவுட்டரை அலமாரி உச்சிக்கு ஏற்றினார். பிறகு சுவரைத் துளைத்துக் கேபிளே இழுத்தார். கடைசியில் பெட்டியையே மாற்றி, அதைவிட உசத்தியான ஒன்றை வாங்கினார். இப்போது வயலின்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஆறரைக்கு அதுவும் நின்றது.

ஒரு சனிக்கிழமை மதியம், கூட வேலைபார்த்த யெப்பே சாப்பிட வந்தார்.

"துளைக்க இன்னும் சுவர் ஏதாச்சும் மிச்சம் இருக்காப்பா?"

"கிண்டல் பண்ணாதே. பக்கத்து வீட்டுக்காரன் ஆறரைக்கு ஏதோ மிஷினைப் போடுறான்."

"பாவம், அவனையாவது விடு. போனைக் குடு. எந்தச் சந்தாவுல பாட்டு வருது?"

"குத்ருன் இருந்தப்ப எடுத்தது. நான் மாத்தல."

யெப்பே கறுப்பு ரொட்டியும் ஹெர்ரிங் மீனுமாக மென்றபடி போன் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சட்டென்று மெல்லுவதை நிறுத்தினார்.

"சமையலறை ரேடியோன்னு ஒண்ணு இதுல இருக்கே?"

"அதை அவ எடுத்துட்டுப் போயிட்டாளே."

"போன இடத்துல அது இதே சந்தாவுலதான் பாடுது. ஒரு சந்தா ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் பாடும். அவ போட்டா உனக்கு நிக்கும். நீ போட்டா அவளுக்கு நிக்கும். பாஸ்வேர்டை மாத்து, ரெண்டு நிமிஷ வேலை."

"மாத்துறேன்" என்றார் தோர்கில். மாற்றவில்லை.

அவர் மனைவி குத்ருன் தீஸ்டெட் ஊருக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. சண்டை என்று எதுவுமில்லை. அவள் பேச வாயெடுக்கும்போதெல்லாம், பாட்டு முடியட்டும் என்று இவர் விரலைத் தூக்குவார். ஒரு நாள் அவள் பேசுவதை விட்டாள். பிறகு வீட்டையும் விட்டாள்.

மறுநாள் மாலை அவர் எதையும் போடவில்லை. போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஆறரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் திரையில் அவள் போட்ட பாட்டின் பெயர் வந்தது. உருளைக்கிழங்கு சீவத் தொடங்கியிருப்பாள். அவர் பொத்தானைத் தொட்டால் அவளுக்கு நின்றுவிடும். அதனால் அந்தப் பெரிய ஸ்பீக்கர்களின் முன்னால், ஓசையில்லாத கூடத்தில், பெயர்கள் ஒவ்வொன்றாக மாறுவதைப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாள் அப்படியே போயிற்று.

பத்தாம் நாள் போன் செய்தார்.

"நான்தான்."

"தெரியுது. உடம்புக்கு ஏதாச்சுமா?"

"அதெல்லாம் இல்ல. உன் ரேடியோ நின்னு நின்னு போச்சா?"

"ஆமா! கடைக்காரனோட ரெண்டு தடவை சண்டையே போட்டேன். இப்ப ஒரு வாரமா நல்லாப் பாடுது. உனக்கெப்படித் தெரியும்?"

அவர் சொன்னார். குத்ருன் இருமல் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள்:

"அப்ப ஒரு வாரமா நீ எதுவுமே போடலையா?"

"இல்ல."

"ஆறரைக்கு என்ன பண்ணிட்டிருந்தே?"

"நீ என்ன கேக்குறேன்னு பாத்துட்டிருந்தேன்."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"நான் தனியா ஒரு சந்தா எடுத்துக்கிறேன், தோர்கில். உன் பாட்டு நிக்கக் கூடாது."

"நிக்கட்டும். எனக்குப் பரவால்ல."

"எனக்கும் நிக்குதே" என்றாள், மெதுவாக.

திங்கட்கிழமை ஆறரை தாண்டியும் பாட்டு நிற்கவில்லை. பாட்டில் வந்த நாலு வயலின்களும் முழுசாக வாசித்து முடித்தன. ஒரு விக்கல், ஒரு கரகரப்பு கிடையாது. அவ்வளவு துல்லியமாக அந்த வீட்டில் எதுவும் ஒலித்ததில்லை. தோர்கில் எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்தார்.

இப்போதெல்லாம் ஞாயிறு மதியங்களில் அவளுக்குப் போன் செய்கிறார். சில ஞாயிறுகளில் எடுப்பாள். பனியைப் பற்றியும் முதுகுவலியைப் பற்றியும் பேசுவார்கள். எடுக்காத ஞாயிறுகளில், மணி தானாக ஓயும்வரை கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.