முன்சீப் இல்லாத ஊரில் தமுக்கு

சென்னையில் ஒரு கையெழுத்து விழுந்தால் அது திருத்தணி மலையிலிருந்து கன்னியாகுமரிக் கரை வரைக்கும் போய்ச் சேரும். எவ்வளவு பெரிய ராஜ்ஜியம், யோசித்துப் பாருங்கள் கண்ணுகளா. எண்பதாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் அப்படித்தான் ஒரு கையெழுத்து விழுந்தது. ஊர் ஊருக்கு வரி வாங்கவும் கணக்கு எழுதவும் இருந்த முன்சீப், கர்ணம் வேலையெல்லாம் இனி இல்லை என்று ரேடியோ சொன்னது. பதிலுக்குப் புது அதிகாரிகள் வருவார்களாம். எப்போது என்று சொல்லவில்லை.

மானாம்பதிப் பக்கத்து அந்தச் சின்ன ஊருக்குப் புது அதிகாரி வரவில்லை. மழைதான் வந்தது.

தானியேல் அந்த ஊரில் தமுக்கு அடிக்கிறவன். முன்சீப் வேதாசலம் ஆள் அனுப்பினால் தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவான். வரி கட்டச் சொல்வதானாலும் அம்மை ஊசிக்குக் கூப்பிடுவதானாலும் அவன் குரல்தான். அவனுடைய சனங்கள் குடியிருந்தது ஏரியின் உள்வாயில், தண்ணீர் ஏறி வரும் பக்கம். நிலக்காரர்களின் வயலெல்லாம் கரைக்கு மறுபக்கம்.

ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலங்கல் என்கிற கல்கட்டின் மேலே வழிந்து போய்விடும். வருஷா வருஷம் நிலக்காரர்கள் அந்தக் கல்கட்டின் மேல் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். ஏரியில் நாலு விரல் தண்ணீர் கூட நின்றால் இரண்டாம் போகத்துக்கு ஆகும். முன்சீப்பும் பார்த்தும் பாராமல் இருப்பார், அவருக்கும் கரைக்குக் கீழே நிலம் உண்டு. ஆனால் உள்வாய்த் தெருவைத் தண்ணீர் தொட்டதும் தமுக்கு அடிக்கச் சொல்லிவிடுவார். தமுக்குச் சத்தம் கேட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு ஏரிக்கு வரவேண்டும், மூட்டைகளை எடுக்கவேண்டும். அதில் யாரும் வாதாடியதில்லை.

இந்த வருஷம் தண்ணீர் தெருவைத் தாண்டி வாசலுக்கு வந்தது. முன்சீப்பிடமிருந்து ஆள் வரவில்லை.

மண்சுவர் வீடுகள். அடிச்சுவர் ஊறினால் உட்கார்ந்துவிடும். தானியேல் வீட்டுக்குள் அவன் மகள் பவளம் பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு படுத்திருந்தாள். மேட்டில் அடைமழைக்கு ஒதுங்க ஒரு கூரை கிடையாது.

அவன் கலங்கலுக்கு ஓடினான். சேட்டும் இன்னும் சிலரும் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு மூட்டைகளுக்குக் காவல் நின்றார்கள். சேட்டு வேதாசலத்தின் அக்கா மகன், தானியேலுக்குப் பிள்ளை வயது. வாசல் வரை தண்ணீர் வந்ததைத் தானியேல் சொல்லி, ரெண்டே வரிசை எடுத்தாலும் போதும் என்று கெஞ்சினான்.

"யார்ரா எடுக்கச் சொன்னது? முன்சீப்பே போயாச்சு. நீ இன்னும் யாருக்கு வேலை பாத்துக்கினு கீற?" என்றான் சேட்டு. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அங்கிருந்து வேதாசலம் வீட்டுக்குப் போனான். வழக்கப்படி உள்ளே போகாமல் தெருவிலேயே மழையில் நின்றான். வேதாசலம் கதவருகே வந்தார். வேலை போனதிலிருந்து அவர் வெளியே தலைகாட்டவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, தாலுக்கா ஆபீசுக்குப் போகச் சொன்னார். செய்யாற்றில் வெள்ளம், பஸ் இல்லை என்றான் தானியேல்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து பாத்த வேலை. ஒரு கடுதாசி கூட போடாம ரேடியோவுல சொல்லிப் புடுங்கிக்கினாங்க. இனிமே என் வாயால ஒரு உத்தரவும் வராது, தானியேலு." கதவு சாத்திக்கொண்டது.

அவன் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுச் சிட்டம்மாளின் பின்சுவர் சரிந்து கிடந்தது. வீட்டுக்குள் அவன் மனைவி பாக்கியமேரி தமுக்கை ஆணியிலிருந்து இறக்கி, வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மழை நாளில் காய்ச்சாவிட்டால் தோல் தொய்ந்து சத்தம் எழும்பாது.

உத்தரவில்லாமல் அடித்தால் ஜெயில் என்றான் அவன்.

"உள்ள போனா சோறு கொண்டாந்து குடுக்கறேன். செவுரு உய்ந்தா எத்த கொண்டாந்து எடுத்து நிறுத்துவ?" என்றாள். தோலை விரலால் தட்டிப் பார்த்தாள். அது கணீரென்றது.

தானியேல் தமுக்கை வாங்கிக்கொண்டான். ஈரம் படாமல் மேல்துண்டால் மூடி ஊர்த்தெரு வரை எடுத்துப் போனான். பிள்ளையார் கோயில் முனையில் துண்டை விலக்கி அடித்தான். என்ன சொல்வது என்று அவன் யோசிக்கவே இல்லை. வாய் அதன் பாட்டுக்குப் பழகியதைச் சொல்லிவிட்டது: "முன்சீப் உத்தரவு! வூட்டுக்கு ஒரு ஆளு ஏரிக்கு வரணும்!"

சொன்ன பிறகுதான் அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் கதவுகள் திறந்துகொண்டன. மண்வெட்டியும் கூடையுமாக ஆண்கள் இறங்கி நடந்தார்கள். தமுக்குச் சத்தம் அவர்கள் காலுக்குத்தான் கேட்டது, காதுக்குக் கேட்டதோ என்னவோ.

கலங்கலில் சேட்டு மூட்டைகளின் மேல் ஏறி நின்றான். "எந்த முன்சீப் சொன்னாரு? கேட்டீங்களா?"

கூட்டம் அப்படியே நின்றது. முன்சீப்பே இல்லை என்பது அவர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தின் பின்னால் குடையோடு வேதாசலமும் நின்றிருந்தார். அவரையும் தமுக்குத்தான் கூட்டி வந்திருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தானியேல் தலை நிமிரவில்லை. இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் கையில் விலங்கு, மகள் தலைமேல் சுவர்.

வேதாசலம் கரையோரம் வந்து உள்வாய்ப் பக்கம் பார்த்தார். கூரைகள் தண்ணீரில் மிதப்பதுபோலத் தெரிந்தன. ஒரு கூரை சாய்ந்திருந்தது.

"தமுக்கு அடிச்சாச்சு," என்றார். "அடிச்சப்புறம் யாரு உத்தரவுன்னு கேக்கற பயக்கம் இந்த ஊர்ல எப்படா வந்துச்சு, சேட்டு? எறங்கு."

சேட்டு இறங்கவில்லை. கன்னியப்பன் என்ற கிழவர், அவருக்கும் கரைக்குக் கீழேதான் வயல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். சேட்டின் காலுக்கடியில் இருந்த மூட்டையைப் பிடித்து இழுத்தார். அது சரிய, சேட்டும் தடுமாறிக் கரைக்குத் தாவினான். அதன்பின் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஏரி இரைந்துகொண்டு வெளியே பாய்ந்தது.

கூட்டம் கலையும்போது வேதாசலம் தானியேலிடம் வந்தார். "எவனாவது வந்து விசாரிச்சா நான் சொன்னேன்னு சொல்லு."

"நீங்க இப்ப முன்சீப் இல்லியே, அய்யா."

"எனக்குத் தெரியும்," என்று குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

தானியேல் தெருவில் முழங்காலளவுத் தண்ணீரில் நடந்து வீடு வந்து சேர்ந்தான். வாசலில் குனிந்து அடிச்சுவரைத் தடவினான். விரல் உள்ளே போனது, ஆனால் சுவர் நின்றது. உள்ளே பாக்கியமேரி குழந்தையைத் தோளில் போட்டபடி அதே சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தாள். தண்ணீர் இறங்குது என்று அவன் சொன்ன பிறகும் அவள் நகரவில்லை. அவனும் பக்கத்தில் போய் முதுகைக் கொடுத்து நின்றான்.