ஏகாம்பரத்தின் மான்கள்

1

"நான் எழுதின தாளைத் திருப்பிக் குடுங்க சார்."

கதை இந்த வரியில்தான் பிறந்தது. மான் கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்த முதல் நாளே, திருப்பதி அலுவலகத்தில் எனக்கு முன்பிருந்தே வேலை பார்க்கும் அலர்மேல் அக்கா சொல்லிவிட்டார்: "என்ன வேணா கேளு தாட்சாயணி. லீவு கேளு, ஷூ கேளு. குடுத்த தாளை மட்டும் திருப்பிக் கேட்டுடாதே." பதினோரு மாதம் கேட்கவில்லை. பன்னிரண்டாம் மாதம் கேட்டேன்.

முதலில் இதைப் புகார்க் கடிதமாகத்தான் எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதற்குப் பிறகு வந்த எதிலும் மதிப்பு இல்லை. அதனால் கதை.

2

அழகான தொடக்கம் ஒன்று வைக்கப் பார்த்தேன்.

'அதிகாலைப் பனியில், மலைச்சரிவில் ஒரு புள்ளிமான் தலை நிமிர்த்தி

இல்லை. நான் எண்ணியது மானை அல்ல, மான் புழுக்கையை. மான் நம்மைக் கண்டால் ஓடும், புழுக்கை ஓடாது. வெதுருகுப்பத்துக்கு மேலே இருக்கும் கரட்டில் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குந்தி உட்கார்ந்து எத்தனை குவியல் என்று எண்ண வேண்டும். ஒரு மான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடும் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. அதை வைத்து வகுத்தால் மான் வரும்.

[எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பொண்ணுக்கு இன்னா வேலை என்று கேட்கும் உறவுக்காரர்களிடம் அம்மா "பாரஸ்டு ஆபீசு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.]

3

ஏழாம் சதுரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. அது ஆட்டுப் புழுக்கை. எனக்கு அதில் சந்தேகமே வராது, நான் நடக்கப் பழகியதே அதன் மேல்தான். தவிர, அங்கே இருக்கும் புளியமரத்தடியில்தான் என் நைனாவின் தம்பி ஏகாம்பரம் மத்தியான வெயிலுக்குத் தன் எண்பத்தாறு ஆடுகளைப் படுக்கப் போடுவார். படிவத்தில் ஆட்டுக்குக் கட்டம் இல்லை. 'மற்றவை' என்ற கட்டத்தில் எண்ணை எழுதி, பக்கத்திலேயே 'ஆடு' என்றும் எழுதிக் கொடுத்தேன்.

அறிக்கை வந்தது. முப்பத்தொரு மான் இருக்க வேண்டிய இடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு. கணினிக்குள் போன ஆடுகள் மான்களாகக் குட்டி போட்டிருந்தன. ஏழாம் சதுரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்: 'முக்கியமான மான் வாழிடம். வேலியிட்டு, ஆடு மேய்ப்பதைத் தடை செய்யலாம்.' அதாவது, ஆட்டுப் புழுக்கையைக் காப்பாற்ற ஆட்டைத் துரத்த வேண்டும்.

நாளைக் காலை வெதுருகுப்பத்தில் அதிகாரிகள் கூட்டம். அறிக்கை அங்கே போகிறது. எண்ணியவள் என்று அதில் என் கையெழுத்து வேண்டும். போட்டால் அடுத்த மூன்று வருடத் திட்டத்திலும் எனக்கு வேலை உண்டு. சின்ன நைனாவுக்கு அந்தக் கரட்டை விட்டால் மேய்ச்சலுக்கு வேறு இடம் கிடையாது.

அவரிடம் போய்ச் சொன்னேன்.

"எத்தினி மானுன்ற?"

"நானூத்திப் பன்னெண்டு."

"அப்பிடியே இருக்கட்டும் உடுமே. ஆடுன்னா வெட்டித் துன்னுவான். மானுன்னா எவன் கை வெப்பான்?" சிரித்தார். பிறகு, "வேலி எப்ப போடுவானுங்க?" என்று கேட்டார். அப்போது சிரிக்கவில்லை.

[இந்த இடத்தில் அவர் கண்ணில் இரண்டு சொட்டு நீர் வைத்தால் நீங்கள் உருகுவீர்கள் என்று தெரியும். அவர் அழவில்லை. ஓர் ஆடு என் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றது. அதைத் திட்டினார்.]

4

கண்ணபிரான் சாரை எழுதுவதில்தான் சிக்கல். திட்டத்தின் தலைவர். கெட்டவராக எழுதியே ஆக வேண்டும்; பெரிய மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. நான் கரட்டிலிருந்து வந்து சேரும் நாட்களில் தன் டப்பாவில் இருக்கும் புளியோதரையில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளுகிற மனிதர். ஒழுங்கான ஒரு வில்லன்கூட இல்லாமல் கோபக் கதை எப்படி எழுதுவது? ஒரே ஒரு குறை: புழுக்கையை அவர் போட்டோவில் மட்டும்தான் பார்ப்பார்.

தாளைக் கேட்டேன் இல்லையா, கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுக்கும்மா இப்போ?"

"அதுல ஆடுன்னு எழுதியிருக்கேன் சார்."

"பாத்தேனே. நாம பண்ணிண்டிருக்கறது வனவிலங்குக் கணக்கு. ஆடு வனவிலங்கா?"

"இல்ல சார்."

"அப்போ அது எப்படி இதுக்குள்ள வரும்?"

"அதான் சார் நானும் கேக்கறேன். அது எப்படி மானாச்சு?"

"மத்ததுன்னு தனியா விட்டா, அது என்ன மத்ததுன்னு மேல இருக்கறவா கேப்பா. பக்கத்துக் கட்டத்தோட சேத்துட்டேன். இதைப் போய்ப் பெரிசு பண்ணிண்டு."

"நீங்க ஒரு தடவ அங்க வந்து மோந்து பாருங்க சார்."

அலர்மேல் அக்கா கணினிக்குப் பின்னால் இருமினார். ['மோந்து' என்பதை 'நேரில் ஆய்வு செய்யுங்கள்' என்று திருத்தினால் கண்ணியமாக இருக்கும். திருத்தவில்லை.]

5

மூன்று முடிவுகள் கையில் இருக்கின்றன.

ஒன்று: சார் மனம் மாறிக் கரட்டுக்கு வருகிறார். புளியமரத்தடியில் மண்டியிட்டு, ஒரு புழுக்கையைக் கையில் ஏந்திக் கண்கலங்கி (எழுதும்போதே சிரித்துவிட்டேன். வேண்டாம்.)

இரண்டு: நான் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு மூன்று வருடம் வேலை. கரட்டைச் சுற்றி வேலி. சின்ன நைனா ஆடுகளை ஒவ்வொன்றாக

முடிக்க வரவில்லை.

மூன்றாவது, நடந்தது. சார் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை விரித்து, என் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்தார்.

"சந்தகம் போட்டுடு தாட்சாயணி. கோவிச்சுக்காதே."

பேனாவை எடுத்து அவர் பக்கமாக வைத்தேன்.

"நாளைக்குக் கூட்டத்துல நான் பேசப் போறேன் சார்."

"நீயா? என்ன ஹோதாவுல?"

"எண்ணினவ, சார்."

"வேலை போயிடும்மா." மிரட்டவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"தெரியும் சார்."

பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். அதற்குப் பிறகு என் இடத்தில் சாரே கையெழுத்துப் போட்டாரா, அலர்மேல் அக்கா என் தாள் இருக்கும் அலமாரியில் கை வைத்தாரா என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். அந்த அறையில் இப்போது இருப்பது நீங்கள்தான். உங்களுக்கு வேண்டியதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் படியிறங்கிவிட்டேன்.