மூன்றாம் கோடு

அன்று பதினொன்றே கால் மணிக்குத் தம்பி என் ஜன்னலுக்கு வந்து, வெள்ளை கேனை விளிம்பில் வைத்தான். மூன்று லிட்டர் கேன். அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகப் பத்துச் சிவப்புக் கோடுகள், அவன் மனைவியின் நகப்பூச்சால் போட்டவை. ஒரு சுற்று ஓட்டம், ஒரு கோடு தண்ணீர். தண்ணீர் மூன்றாம் கோட்டில் நின்றது.

அவன் காலருகே மேடம் நின்றிருந்தாள். யார்டின் காவல் நாய். கன்டெய்னர் சந்துகளுக்குள் ஓடி மோப்பம் பிடிப்பது அவள் வேலை. மேடம் என்பது லாரிக்காரர்கள் வைத்த பெயர். கம்பெனிக் காகிதத்தில் அவளுக்கு ஒரு எண்தான்.

“அண்ணே, மேடத்தை உன் எடைமேடையில நிறுத்திப் பாக்கலாமா? ரெண்டு கிலோ இளைச்ச மாதிரி இருக்கா.”

“இது லாரி போடுற மெஷின்டா. இருபதுன்னு காட்டும், இல்லன்னா நாப்பதுன்னு காட்டும். நடுவுல இருக்கறவங்கள அதுக்குத் தெரியாது.”

“பொம்பளைங்க கிட்ட நாப்பதுன்னு காட்டினா கோவிச்சுக்குவாங்க. வேண்டாம் விடு.”

“நீ தண்ணி குடிச்சியா?”

“எனக்கு யாரு கோடு போட்டு வச்சிருக்காங்க?” என்று சிரித்தான். கேனை என் ஜன்னலிலேயே விட்டுவிட்டு நாலாவது சுற்றுக்குப் போனான்.

மேடம் வேறு யார் கையாலும் தண்ணீர் குடிக்கமாட்டாள். முன்பு இன்னொரு யார்டில் திருடர்கள் விஷத் தண்ணீர் வைத்து ஒரு நாயைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு வந்த பழக்கம். தம்பி கிண்ணத்தை வைத்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டி மண்டியிட்டு, நெஞ்சுக்குக் கீழே வலக்கையால் ஒரு சைகை செய்வான். அதன் பிறகுதான் அவள் நாக்கை நீட்டுவாள். அந்தச் சைகையை அவன் மனைவிக்குக்கூடக் காட்டியதில்லை. நான்கு வருடமாக என் ஜன்னலிலிருந்து தினமும் பத்து முறை நான் பார்த்தது அவன் முதுகை.

அவளை அப்படிப் பழக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அவள் வந்த புதிதில் தம்பி என்னிடம், “ஒரு திருடன் வேணும்ணே. உன் மூஞ்சி அதுக்குப் பொருத்தமா இருக்கு” என்றான். கசப்பு மருந்து கலந்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொடுத்தான். நான் அன்பாகப் பேசி நீட்டவேண்டும். அவள் நம்பி வந்து நக்குவாள். தலையை உதறுவாள். மறுநாளும் நம்புவாள். பதினோரு நாள் ஏமாந்தாள். பன்னிரண்டாம் நாள் நல்ல தண்ணீரையே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“முடிஞ்சுதுண்ணே. இனி நீ தங்கக் கிண்ணத்துல குடுத்தாலும் தொடமாட்டா” என்றான். எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

பதினொன்றரை இருக்கும். ஒரு டிரைவர் ஓடிவந்தார்.

“எடைக்காரரே, உங்க தம்பி விழுந்துட்டாரு. வாய் ஒரு பக்கமா இழுக்குது. நாய் கிட்டவே விடமாட்டேங்குது.”

யார்டின் நடுவில், காங்கிரீட் தரையில் கிடந்தான். வலது பக்கம் முழுவதும் செத்ததுபோல் இருந்தது. மேடம் அவனுக்குக் குறுக்கே நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வந்தும் ஆட்கள் பத்தடி தள்ளியே நின்றார்கள். தம்பி இடக்கையை மெதுவாகத் தூக்கி, விரித்த உள்ளங்கையைத் தரையை நோக்கித் தாழ்த்தினான். ‘உட்கார்’ என்ற சைகை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தாள்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவன் கண் என்னைத் தேடியது. பிறகு என் ஜன்னல் பக்கம் போனது. கேன் அங்கே இருந்தது.

“நான் பாத்துக்கறேன்டா” என்றேன். யார்டு மேலாளர் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். தம்பி மனைவிக்கு நேராக ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிப் போன் செய்தேன்.

பாத்துக்கறேன் என்று சொன்னது சுலபமாக இருந்தது.

அவள் நாலாவது சுற்றை ஓடி முடித்திருந்தாள். தண்ணீர் குடிக்கவில்லை. உட்கார் என்றவன் போய்விட்டான். எழுந்திரு என்று சொல்ல ஆளில்லை. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனேன். தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிண்ணத்தை வைத்துவிட்டு விலகினேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

இன்னொரு யார்டின் நாய்க்காரருக்குப் போன் போட்டேன்.

“அவன் சைகை அவனோடதுங்க. என் சைகை என்னோடது. நான் வந்தாலும் கடிதான் வாங்குவேன். டாக்டரைக் கூப்பிடுங்க.”

மிருக டாக்டர் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பண்ணையில் இருந்தார். “நிழலுக்குக் கொண்டுபோங்க, உடம்பை நனைங்க, கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வைங்க” என்றார். எல்லாம் சரிதான். எல்லாம் தம்பி எனக்குப் பலமுறை சொன்னதுதான். நாக்கு நுனி கரண்டிபோல் அகலமானால் ஓட்டத்தை நிறுத்து. பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியவேண்டும். விரலை வைத்தால் ஈறு வழுக்கவேண்டும், ஒட்டினால் நாம் தாமதம். படித்துப் படித்துச் சொல்வான். ஆனால் தோலைக் கிள்ளவும் ஈறைத் தொடவும் அவள் பக்கத்தில் போகவேண்டுமே.

கிரேன் ஓட்டுபவர் வண்டியைக் கொண்டுவந்து அவளுக்குச் சூரியனை மறைத்து நிறுத்தினார். உச்சி வெயில். கிரேனின் நிழல் கிரேனுக்கே போதவில்லை. தார்ப்பாயைக் கம்பில் கட்டி நீட்டினோம். கம்பைப் பாய்ந்து கடித்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் உட்கார்ந்தாள். குழாயைத் திருப்பினால் முதலில் வந்தது வெந்நீர். குளிர்ந்து வந்தபோது தண்ணீரையே திருடனாக நினைத்து உறுமினாள். நனைந்ததும் கொஞ்சம்தான். பத்து நிமிடத்தில் முதுகு காய்ந்துவிட்டது. கழுத்தில் சுருக்குப் போடலாம் என்றார் ஒருவர். முதல் முயற்சியிலேயே அவர் சட்டைக் கை கிழிந்தது.

பன்னிரண்டரைக்கு அவள் நாக்கு கரண்டியாகிவிட்டது.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தம்பியின் தொப்பியும் கையுறையும் அவன் அலமாரியில் இருந்தன. போட்டுக்கொண்டேன். கிண்ணத்தை வைத்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டி மண்டியிட்டு, நெஞ்சுக்குக் கீழே கையை வைத்தேன். கட்டைவிரலை நீட்டினேன். இரண்டு விரல். மூன்று விரல். மூடிய கை. விரித்த கை. சுண்டுவிரலை மட்டும் மடக்கினேன். உள்ளங்கையைப் புரட்டினேன்.

பின்னால் ஒரு டிரைவர், “பஸ் ஸ்டாண்டுல பொண்ணுக்குச் சைகை காட்டறவன் மாதிரில்ல இருக்கு” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மேடம் என் கையையே பார்த்தாள். ஒவ்வொரு முறை விரலை மாற்றும்போதும் அவள் காது முன்னால் வந்தது. அது இல்லை என்று தெரிந்ததும் பின்னால் போனது. அவள் ஒத்துழைத்தாள் என்றுதான் சொல்லவேண்டும். மனிதன் கையால் எத்தனை சைகை செய்ய முடியும் என்று நான் அதற்கு முன் யோசித்ததில்லை.

ஒரு மணிக்குத் தம்பி மனைவி வீடியோவில் கூப்பிட்டாள்.

“மாமா, இவருக்கு நினைவு இருக்கு. பேச்சுதான் வரல. கண்ணாலயே எதையோ கேக்குறாரு. என்னன்னு எனக்குப் புரியல.”

“மேடம் தண்ணி குடிக்கல. அதான் கேக்குறான். அந்தச் சைகையை வாங்கிக் குடும்மா.”

போனை அவனிடம் நீட்டினாள். மூக்கில் குழாயோடு தம்பியின் முகம் வந்தது. நான் கேமராவைத் திருப்பி மேடத்தைக் காட்டினேன். பார்த்தான். பிறகு தன் வலக்கையைப் பார்த்தான். அவன் மனைவியும் போனை அந்தக் கைப்பக்கம் திருப்பினாள். வெள்ளைத் துப்பட்டியின் மேல் அந்தக் கை கிடந்தது.

“முயற்சி பண்றாரு மாமா. நெத்தியெல்லாம் வேர்க்குது.”

“இடது கையால காட்டச் சொல்லு.”

இடக்கையைத் தூக்கினான். ஊசி குத்தியிருந்த கை. விரல்கள் ஏதோ செய்தன. முழுதாக இல்லை. ஒன்று மடங்கியது, இன்னொன்று பாதியில் நின்றது, கை விழுந்தது. அதுவா அது, தொடக்கமா, வெறும் நடுக்கமா, தெரியவில்லை. நான் அதையே என் வலக்கையால் செய்து காட்டினேன். இடக்கையாலும் செய்தேன். மேடத்தின் காது முன்னால் வந்தது. பின்னால் போனது. போனை அவள் பக்கம் திருப்பினேன். அந்தச் சின்னக் கண்ணாடியில் மினுங்கிய வெளிச்சம் அவளுக்கு யாருமில்லை.

“நர்ஸ் போனை வைக்கச் சொல்றாங்க மாமா.”

“வச்சிரும்மா.”

இரண்டே காலுக்கு அவள் சாய்ந்தாள். அப்போதுதான் எங்களால் தொட முடிந்தது. தூக்கி என் அறை மின்விசிறிக்குக் கீழே போட்டோம். ஈறில் விரல் வைத்தேன். ஒட்டியது. வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றினோம். ஈரத்துணியால் வாயோரம் துடைத்தேன். பல்லை இறுக்கிக்கொண்டாள். அந்த நிலையிலும் என் கையிலிருந்து வாங்கவில்லை.

டாக்டர் வந்து முன்னங்காலில் ட்ரிப் ஏற்றினார். அரை பாட்டில்கூட இறங்கவில்லை. மூன்று ஐம்பதுக்கு ஊசியை எடுத்துவிட்டார்.

“நல்லாப் பழக்கியிருக்காங்க” என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கதவருகே தம்பி மனைவியிடம் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, “இவருகிட்ட சொல்லிடாதீங்க மாமா” என்றாள்.

உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தேன். தம்பி கண் திறந்திருந்தது.

“குடிச்சிட்டாடா. கடைசியில குடிச்சிட்டா. நிழல்ல படுத்திருக்கா” என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மடியைப் பார்த்தான். அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பியபோது, எதற்கென்று தெரியாமல், அந்தக் கேனையும் எடுத்து வந்திருந்தேன். அவளுக்குக் கிண்ணத்தில் ஊற்றியதை ஒவ்வொரு முறையும் திரும்ப அதற்குள்ளேயே ஊற்றியிருந்தேன். வீணாக்காதே என்று அவன் சொல்லிச் சொல்லிப் பழகிய கை. தண்ணீர் மூன்றாம் கோட்டில் நின்றது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். இடக்கை மட்டும் வந்து என் முழங்கால் மேல் விழுந்தது. அவன் வைத்ததா, தானாக விழுந்ததா, அதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் இரண்டாம் முறை இழுத்தது. அதிலிருந்து அவன் மீளவில்லை.

யார்டில் இப்போது கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். நான் அதே ஜன்னலில் லாரிகளை எடை போடுகிறேன். கை சும்மா இருக்கும்போது விரல்கள் தாமாக எதையாவது மடக்கிப் பார்க்கும். புது டிரைவர்கள் எனக்கு நரம்புக் கோளாறு என்று நினைக்கிறார்கள்.

கேன் ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. மூடி இறுக்கமானது. தண்ணீர் இன்னும் மூன்றாம் கோட்டில்தான் நிற்கிறது.