நெய்யாறு என்ற பெயரில் ஒருத்தி

கேரள எல்லையோரப் பாறசாலை சந்திப்பில், ஒரு துணிக்கடைக்கு மேலே மோகனன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் ஜெஸ்னா பாடம் எடுத்தாள். காலை வகுப்புகள் முடிந்தால் பிற்பகலில் ஆள் இருக்காது. அவளோடு டிப்ளமோ படித்தவர்கள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் ஒவ்வொருவராகப் போய்விட்டிருந்தார்கள். கடைசியாகப் போனவள் பிந்து, கல்யாணமாகி பஹ்ரைனுக்கு. அதுவரை குளத்தூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பையை வைத்து பிந்துவுக்கு இடம் பிடிப்பாள் ஜெஸ்னா. இப்போது யார் வேண்டுமானாலும் உட்கார்ந்தார்கள்.

தொண்ணூற்றொன்பது தொடக்கத்தில் மோகனன் சென்டருக்கு இன்டர்நெட் எடுத்தார். விலை குறைந்த இணைப்பு, எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது. ஊரில் யாருக்கும் அது எதற்கென்று தெரியவில்லை. நீ முதலில் படித்து வை, பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார். துழாவித் துழாவித்தான் ஒரு விளையாட்டுக்குள் போய்ச் சேர்ந்தாள்.

அதுவும் முழுக்க எழுத்துதான். நீ ஒரு பாலத்தில் நிற்கிறாய், வடக்கே காடு என்று திரையில் வரும். வடக்கே போ என்று தட்டினால் காடு வரும். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அதே காட்டில் நடப்பார்கள், பேசுவார்கள், சண்டை போடுவார்கள். பெயர் கேட்டபோது, ஊர்ப் பக்கம் ஓடும் ஆற்றின் பெயரை, நெய்யாறு என்று கொடுத்தாள். காயம் ஆற்றும் மருத்துவச்சியாக இருக்க விரும்பினாள்.

ஆனால் அவளுக்குப் பிற்பகல் என்றால் அமெரிக்காவில் ஊரடங்கிய நேரம். தெருக்கள் காலியாகக் கிடந்தன. காயம் ஆற்ற ஆளே இல்லை. தனியாகக் காட்டுக்குள் போனால் ஓநாய்கள் கொன்றுவிடும், மறுபடியும் பாலத்தில் பிறக்க வேண்டும். அங்கே கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தவர்கள் எல்லாருமே ஏதாவது கில்டில் இருந்தார்கள். கில்டு என்றால் சங்கம் மாதிரி: அதற்கென்று ஒரு மண்டபம், உறுப்பினர்களுக்குள் மட்டும் கேட்கும் பேச்சு, விழுந்தால் தூக்க ஆள்.

ஒரு நாள் சந்தைத் திடலில் ஓரன் என்ற வீரன் நின்றிருந்தான். தோளில் விளக்குக் கில்டின் சின்னம். உங்கள் கில்டில் சேர முடியுமா என்று ஜெஸ்னா ஆங்கிலத்தில் தட்டினாள்.

“கேட்டதும் சேர்க்க மாட்டோம். முதலில் எங்களில் இரண்டு பேருக்கு உன்னை நன்றாகத் தெரிய வேண்டும். அவர்கள் உனக்காகப் பேச வேண்டும். பிறகு கூட்டத்தில் எல்லாரும் கேள்வி கேட்பார்கள், கை தூக்குவார்கள்” என்று எழுத்தில் பதில் வந்தது.

ஓரனாக விளையாடியவர் கனடாவில் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்குக்கு இரவுக் காவலாளி. வயது அறுபதைத் தொட்டிருந்தது. அவருடைய காவல் நேரம்தான் அவளுடைய பிற்பகல். அதனால் மெல்ல மெல்லப் பழகினார்கள். ஓநாய் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, எப்போது மருந்து போடுவது என்று சொல்லிக்கொடுத்தார். சொந்த விஷயம் அதிகம் பேசவில்லை. ஒரு முறை மட்டும், அங்கே இப்போது மழையா என்று கேட்டார். ஜெஸ்னா ஜன்னலைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தட்டினாள்.

இரண்டாவது ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. டில்டா என்ற வில்வீராங்கனையை ஓரன் அறிமுகப்படுத்தினார். யாரும் இல்லாத நேரத்தில் வந்துபோகிறவளை எப்படி நம்புவது என்று அவள் நேராகவே கேட்டாள். ஒரு விடுமுறை நாளில் டில்டா விடியும்வரை விழித்திருக்க, இருவரும் சதுப்பு நிலத்தைக் கடந்தார்கள். பாதி வழியில் டில்டாவைப் பாம்புகள் சூழ்ந்துகொண்டன. ஜெஸ்னா ஓடாமல் நின்று மருந்து போட்டுக்கொண்டே இருந்தாள். தன் உயிர் தீரும் நிலையிலும் நிறுத்தவில்லை. கரை ஏறியதும் டில்டா, நான் பேசுகிறேன் என்று மட்டும் எழுதினாள்.

கூட்டம் அவர்களுடைய ஞாயிறு இரவில். ஜெஸ்னாவுக்கு அது திங்கள் காலை, சென்டர் திறப்பதற்கு முன். சாவி அவளிடம்தான் இருந்தது.

அந்தத் திங்கள் பார்த்து ஹர்த்தால். விடிந்தும் விடியாமலும் செருப்பை மாட்டியவளை அம்மா சுகிர்தபாய் வாசலில் மறித்தாள்.

“பஸ் ஒண்ணும் ஓடாது மக்கா. இண்ணைக்கு எங்க போறா?”

“வேலை உண்டும்மா. நடந்து போறேன்.”

“அடைச்சு கிடக்கிற கடையில ஆரு உண்டு, உனக்கு வேலை தர?”

ஜெஸ்னா, மத்தியானத்துக்குள்ள வாறேன் என்று சொல்லி நடந்தாள். ரோட்டில் கல்லும் தென்னமட்டையும் போட்டிருந்தார்கள். கொடியோடு நின்றவர்கள் எங்கே என்று கேட்டபோது, ஆஸ்பத்திரிக்கு என்றாள். சென்டரின் ஷட்டரைக் குனிந்து நுழையும் அளவுக்கு மட்டும் தூக்கி, உள்ளே போய் இறக்கிவிட்டாள். லைன் கிடைக்க வெகுநேரம் ஆனது.

மண்டபம் நிறைந்திருந்தது. அத்தனை பெயர்களை ஒன்றாக அவள் பார்த்ததே இல்லை. ஓரன் பேசினார், டில்டா பேசினாள். பிறகு தலைவர் கேட்டார்: “எங்களோடு ஏன் சேர விரும்புகிறாய்?”

ஆயுதம், அனுபவம் என்று ஏதோ தயாரித்து வைத்திருந்தாள். கைகள் வேறொன்றைத் தட்டின.

“நான் வராத நாளில், நெய்யாறு எங்கே என்று யாராவது கேட்க வேண்டும். அவ்வளவுதான்.”

திரை கொஞ்ச நேரம் அசையவில்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்தாள். பிறகு ஒவ்வொரு பெயரும் கை தூக்கியதாக வரி வரியாக வந்தது. அடைத்த ஷட்டருக்குள், மின்விசிறிகூடப் போடாமல், அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

அடுத்து வந்த வாரங்களில் அவளுக்கு வணக்கம் சொல்லிப் பலர் குறிப்புகள் விட்டுப் போயிருந்தார்கள். அவள் வரும்போது அவர்கள் தூங்கப் போயிருப்பார்கள். ஓரன் மட்டும் இருந்தார். அவர்தான் ஒரு பிற்பகல் சொன்னார்: படத்தோடு புதிய விளையாட்டு வந்திருக்கிறது, காடே கண்ணுக்குத் தெரிகிறதாம், கில்டு மொத்தமும் அங்கே போகிறது. அவரையும் மகன் சேர்த்துவிட்டான். சிடியைத் தபாலில் அனுப்பவா என்று கேட்டார்.

எங்கள் இணைப்பில் படம் வராது என்று ஜெஸ்னா தட்டினாள்.

“நான் இங்கேயும் வந்து பார்ப்பேன்” என்றார். இரண்டு முறை வந்தார்.

கோடை விடுமுறை முடிவதற்குள் மண்டபத்தில் யாரும் இல்லை. திங்கள் காலைகளில் மட்டும் பழைய பழக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இன்டர்நெட்டை நிறுத்திவிடலாம் என்று மோகனன் சொன்ன அன்று அவள் முகத்தைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார். இன்டர்நெட்டில் கிடைத்த கூட்டாளிகள் போய்விட்டார்கள் என்றாள்.

“அவங்கள நீ கண்டதுண்டா?”

“இல்ல சார்.”

“பின்ன எதுக்கு மோளே சங்கடம்?”

அவர் பரிகாசமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

இணைப்பு இருந்த கடைசி நாள் கில்டிலிருந்து முறையாக விலகிவிட நினைத்து, விலகுகிறேன் என்று தட்டினாள். இன்னொரு உறுப்பினர் முன்னிலையில்தான் விலக முடியும் என்று வந்தது. பிற்பகல் முழுவதும் மண்டபத்தில் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் படியேறும் சத்தம் கேட்டதும் எழுந்து, அவர்களுக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.