சித்தியின் கடைவாய்ப் பல்

அந்த வீட்டில் யாராவது கல்லூரி என்று வாயெடுத்தால் போதும், பல் டாக்டர் சித்தி தன் கல்லூரிப் புராணத்தை ஆரம்பித்துவிடுவாள். நூலகம் அப்படி, ஆசிரியர்கள் இப்படி, வாசலில் நிற்கும் மரம்கூடத் தனி ரகம். அவள் அப்பா வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டும் கேட்காமல், நாலு நாள் சாப்பிடாமல் கிடந்து சேர்ந்த கல்லூரி அது. அப்படிச் சேர்ந்ததைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? இவளுக்கு வரவில்லை.

உண்மை என்னவென்றால், பயிற்சிக்கு நோயாளிகளே வராத கல்லூரி அது. தப்பித்தவறி வந்த ஒன்றிரண்டு பேரும், மேலே ஏறிய நாற்காலி இறங்க மறுத்ததும் குதித்து ஓடினார்கள். தேர்வு நெருங்கியபோது மாணவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒருவர் வாயில் ஒருவர் கை வைத்தார்கள். சொத்தையே இல்லாத பல்லில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையை அவர்களே அடைத்தார்கள். சித்தியின் கடைவாய்ப் பல்லில் கை வைத்தவனுக்கு முரட்டுக்கை என்று பட்டம். கல்லூரி கொடுத்த பட்டம் எப்படியோ, இந்தப் பட்டத்தை அவன் நியாயமாகச் சம்பாதித்தான். இப்போது அவனும் அவளும் சேர்ந்துதான் கிளினிக் நடத்துகிறார்கள். வேலையை இருவரும் கற்றுக்கொண்டது படித்து முடித்த பிறகு, வேறு ஒரு டாக்டரிடம் திட்டு வாங்கித்தான்.

அந்தப் பட்டப்பெயர் தவிர இதில் எதுவும் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அக்கா மகளுக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்ததும் அத்தான் நேராக இவளிடம் வந்தார்.

"நீ படிச்ச இடம். நீ சொன்னா சரி. சேக்கலாமா?"

"தாராளமா அத்தான். கண்ணை மூடிக்கிட்டு சேருங்க."

நாக்கு பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண் என்றால் அவளுக்கு உயிர்.

இன்று மதியம் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தபோது வேர்க்கடலை ஒன்றைக் கடித்தாள். முரட்டுக்கையின் கைவேலை பல்லின் ஒரு துண்டையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. வலி காதுவரை ஏறியது. தொழிலைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன் என்று வந்திருந்த அக்கா மகள்தான் ஸ்கூட்டரை எடுத்தாள்.

"சித்தி, நம்ம கிளினிக்கைத் தாண்டிட்டோம்."

"நேரா போடி."

நாலு தெரு தள்ளி, வேறொரு பல் டாக்டரின் வாசலில் வண்டி நின்றது. அக்கா மகள் பெயர்ப் பலகையை நிதானமாகப் படித்தாள்.

"இவரு உங்க காலேஜ் இல்லையே."

"எல்லா காலேஜும் ஒண்ணுதான்."

"அப்ப முரட்டுக்கை மாமாகிட்டயே காட்டியிருக்கலாமே. கிளினிக்ல உங்க பக்கத்து ரூம்தானே."

"அவனுக்கு இன்னைக்குக் கூட்டம்."

"காலைலேருந்து கொசு அடிச்சுக்கிட்டு இருக்காரு சித்தி."

சித்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வலிக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டு.

உள்ளே இருந்த டாக்டர் அவள் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதைப் போட்டது யாரு? கொத்தனாரா?"

அக்கா மகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, பஞ்சை வைத்துவிட்டு, கை கழுவப் போனார். நாக்கு பாதி செத்து, உதடு ஒரு பக்கம் தொங்கிய அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அத்தான்.

"டாக்டரம்மா, காலேஜ் ஆபீஸ்லதான் நிக்கிறேன். வரிசையில எனக்குப் பின்னால ஆளே இல்ல. கையெழுத்து போடப்போறேன். கடைசியா ஒரு தடவை கேட்டுக்கறேன். வேணுமா, வேணாமா?"

சித்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் ஏறிய நாற்காலியை இறக்கத் தெரியாமல் நிற்பதும், எவனோ ஒருவன் அவள் நல்ல பல்லில் ஓட்டை போடுவதும் கண்முன் வந்தன. அவள் பஞ்சைத் துப்பினாள். இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னாள்.

"வேழ்ம்."

"வேணும்தானே? நினைச்சேன்."

"இழ்ழ, வேழ்ம், வேழ்ம்!"

"சரி சரி, புரியுது. வேணும் வேணும்னு அடிச்சுச் சொல்றே. போட்டுடறேன்."

பொய் சொல்லும்போது கணீரென்று பேசிய நாக்கு, உண்மை சொல்ல வேண்டிய நேரத்தில் காலை வாரிவிட்டது. சித்தியின் கண்ணில் நீர் முட்டியது. போனை அக்கா மகளிடம் நீட்டி, தலையை இடவலமாக ஆட்டினாள்.

"அப்பா, ஒரு நிமிஷம். சித்தி வேணாம்னு சொல்றாங்க."

"நீ சும்மா இரு. வீட்டை விட்டுப் போக பயந்துகிட்டு கதை விடாதே. அவளே சொல்லட்டும்."

"அவங்களுக்கு வாய் மரத்துப்போச்சுப்பா. இருங்க, உங்க காதுபடவே கேக்கறேன்." அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுச் சித்தியின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். கண்ணில் குறும்பு இருந்தது. குரலில் இல்லை. "சித்தி, நான் அந்தக் காலேஜ்ல படிச்சு டாக்டராகி வரேன். உங்க பல்லை நான்தான் பாக்கணும். வாயைத் திறப்பீங்களா?"

சித்தி வாயை மூடினாள். சரியாக மூட வராத உதட்டை இரண்டு விரலால் அழுத்தி மூடினாள்.

போனில் அத்தான் காத்திருந்தார். "என்ன சத்தமே காணோம்?"

"சித்தி வாயை மூடிட்டாங்கப்பா."

"யாரு, உங்க சித்தியா?"

"ஆமா."

"காலேஜைப் பத்திக் கேட்டதுக்கா?"

"ஆமாம்ப்பா."

அந்தப் பக்கம் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. "அப்ப வேணாம்," என்றார் அத்தான்.

சித்தி அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. டாக்டர் திரும்பி வந்து, வாயைத் திறங்க என்றார். அவள் சமர்த்தாகத் திறந்தாள்.

"டாக்டர்," என்றாள் அக்கா மகள், "உங்க காலேஜ் எப்படி? சேரலாமா?"

"அருமையான காலேஜும்மா. தாராளமா சேரலாம்."

"உங்க பல்லை யாரு பாக்கறாங்க?"

டாக்டர் மெஷினைப் போட்டார். அதன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.