பிஷப் என்ற குதிரையின் நிறம்

1

இந்தக் கதை ஒரு திருத்தத்திலிருந்து பிறந்தது. ஒரு கூட்டத்தில் ஒருவர் தவறாகச் சொன்னதை ஒரு கிழவி திருத்தினாள். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை அவள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கிழவிக்கு அகஸ்டா ஹால்வர்சன் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள் யார் என்று நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை, நான்தான். எங்கள் வீட்டில் யாரும் தன்னைப் பற்றித் தானே பேசுகிற வழக்கம் கிடையாது. இந்த வயதில் அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் எனக்கு இல்லை. ஆகவே கதைக்குள் அகஸ்டா நடப்பாள். எழுத்தில் சிக்கல் வரும்போது மட்டும் நான் தலையைக் காட்டுவேன்.

(ஹால்வர்சன் என்பதும் எங்கள் குடும்பப் பெயர் அல்ல. உண்மைப் பெயரை அச்சில் பார்க்க விரும்புகிறவர்கள் ரெட்லாண்ட்ஸ் ஊர்க் கல்லறைக்குப் போகலாம். அங்கே நிறைய இருக்கிறது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'கோரா விண்டமைப் போல ஆரஞ்சு உரித்த நடிகை ஹாலிவுட்டில் வேறு யாரும்—'

நிறுத்திவிட்டேன். பொய். கோரா விண்டம் ஆரஞ்சே உரித்ததில்லை.

அடுத்து இப்படி:

'என் அம்மா ஆல்மா குதிரையிலிருந்து விழுந்து சுண்டுவிரலை—'

இதுவும் பொய். ஆனால் எங்கள் வீட்டுப் பொய் என்பதால் அடிக்க மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

இனி நேராகவே சொல்கிறேன். கோரா விண்டம் நடித்த படங்களில் ரசிகர்கள் இன்றும் கொண்டாடுவது, போர் முடிந்த மறு வருடம் எங்கள் ஊருக்கு வந்து எடுத்துப்போன ஒன்றை. அதில் ஓர் ஓட்டல் அறை. அவளைக் கைவிட்டுப் போகிறவன் ஜன்னலோரம் நின்று காரணங்களை அடுக்குகிறான். அவள் பதில் பேசாமல் சிறு கத்தியால் ஆரஞ்சு உரிக்கிறாள். முகத்தைக் காட்டுவதே இல்லை, கைகள் மட்டும். தோல் ஒரே நாடாவாகச் சுருண்டு இறங்குகிறது. அவன் இன்னொருத்தியின் பெயரைச் சொல்லும் நொடியில் நாடா அறுகிறது. அவ்வளவுதான். அழுகை இல்லை, வசனம் இல்லை. பழத்தைப் பிடித்திருக்கும் இடது கையில் சுண்டுவிரல் மட்டும் நடுக்கணுவில் உள்பக்கமாக வளைந்திருக்கும்.

அந்தக் கைகள் என் அம்மாவுடையவை.

போரிலிருந்து அப்பா திரும்பவில்லை. தாத்தாவின் ஆரஞ்சுத் தோப்பு அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தது. மிஞ்சியது பெரிய வீடும் பெயரும். ஹால்வர்சன் வீட்டு மருமகள் கூலி வேலைக்குப் போனாள் என்று ஊர் பேசக்கூடாது. ஆகவே அம்மா பக்கத்து ஊரில் ஒரு பணக்கார வீட்டுக் குழந்தைகளுக்குப் பியானோ கற்றுத்தருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பையில் பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் ஏப்ரன் இருக்கும். அங்கே பழம் அடுக்கும் கொட்டகையில் நின்று, தாளில் சுற்றிச் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். ஒருநாள் பெட்டியின் மூடி விரல்மேல் விழுந்தது.

பியானோ டீச்சரின் விரல்மேல் பெட்டி மூடி விழாது. அதனால் ஒரு குதிரை தேவைப்பட்டது.

பியானோ கற்கும் அந்தக் குழந்தைகளின் குதிரை. பெயர் பிஷப். பாம்பைப் பார்த்து மிரண்டுவிட்டது. சாப்பாட்டு மேஜையில் அம்மா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் முடிவு ஒன்றுதான்: "பிஷப் மேல தப்பில்ல." தாத்தா நம்பினார், அல்லது நம்பியதைப் போல நடந்துகொண்டார். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான்.*

* இந்த இடத்தில் குதிரையின் நிறத்தை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். காரணம் பின்னால் தெரியும்.

3

அகஸ்டாவின் தம்பி மகள் ஜூடித், கோரா விண்டம் ரசிகர் மன்றத்தின் செயலாளர். அந்த மன்றத்தார் ஒருவரையொருவர் பார்த்தால் கை குலுக்கமாட்டார்கள். இடது சுண்டுவிரலை மடக்கிக் காட்டுவார்கள். ஜூடித்துக்குப் பாட்டியைத் தெரியாது. அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆல்மா இறந்துவிட்டாள். வீட்டுப் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் ஆல்மாவின் இடது கை கைப்பைக்கு அடியில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியைக் கலக்கிக்கொண்டே ஜூடித் சொன்னாள்: "தியேட்டர் வாசல்ல அந்தக் கையை வெண்கலத்துல வைக்கப் போறோம் அத்தை. விரலோட. கீழே அவங்க பேரு."

அகஸ்டா கோப்பையைத் தட்டில் வைத்தாள். "நானும் வர்றேன்."

"நீங்களா? சினிமாக்காரங்களைப் பத்திப் பேசினாலே எழுந்து போயிடுவீங்களே."

"இப்ப எழுந்து வர்றேன்."

அவள் முடிவு செய்திருந்தது இதுதான்: வெண்கலத்தை மூடிய துணியை விலக்கும் முன் எழுந்து நின்று, 'இது கோரா விண்டமின் கை அல்ல' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். அம்மாவின் விரல் வேறொருத்தியின் பெயரில் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி 'அப்ப யாரோட கை?' என்று வரும். அதற்கு அடுத்தது, 'அவங்க கைக்கு என்ன ஆச்சு?' அங்கே கொட்டகை வந்துவிடும். தாத்தா எதைத் தெரியாததுபோலக் கடைசிவரை கட்டிக் காத்தாரோ, அதை அவருடைய பேத்தி ஊர் முன்னால் அவிழ்த்துப் போடவேண்டியிருக்கும்.

காரில் ஜூடித் எச்சரித்தாள். "அங்க வந்து யாரையும் முறைக்கக் கூடாது."

"நான் முறைக்கிறதில்ல. பாக்கிறேன்."

"அந்தப் பார்வைதான் வேணாங்கிறேன். எங்க தலைவர் லேலண்ட் பாவம், போன்ல உங்க குரலைக் கேட்டே எழுந்து நின்னுட்டாராம்."

4

மன்றத் தலைவர் லேலண்ட் பர்விஸ் என்ற இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் அவரை அசடாக எழுதினேன். மருந்துக் கடை நடத்தி ஓய்வுபெற்றவர், ஆரஞ்சு நிற டை, நடிகையின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தொப்பியைத் தொடுகிறவர். இப்படிப்பட்டவரை அசடாக்குவது சுலபம். கதையும் வேகமாக நகர்ந்தது. ஆனால் அவர் பேச ஆரம்பித்ததும் என் ஏளனம் தாக்குப்பிடிக்கவில்லை. நீங்களே கேளுங்கள்.

வாசலுக்குப் போகும் முன் தியேட்டர் வரவேற்பறையில் துணி மூடி வைத்திருந்த வெண்கலத்தின் அருகே அகஸ்டாவுக்கு நாற்காலி போட்டார் லேலண்ட்.

"மத்த படங்கள்ல அந்த விரல் நேராத்தானே இருக்கு?" என்று கேட்டாள் அகஸ்டா, உட்காராமலே.

"கவனிச்சிருக்கீங்க பாருங்க. அதுதாங்க அவங்க. மத்த படத்துலெல்லாம் வலியைப் பொறுத்துக்கிட்டு நேரா நீட்டினாங்க. இந்த ஒரு படத்துலதான் நமக்காக வளைய விட்டாங்க."

"முத்தக் காட்சியிலகூட நேராத்தான் இருக்கும் அத்தை," என்றாள் ஜூடித். "எப்படி வலிச்சிருக்கும்."

"வளைஞ்சு ஒட்டின எலும்பு நீட்டினா நீளாது, ஜூடித்."

"நீங்க ரசிகை இல்ல. உங்களுக்குப் புரியாது."

லேலண்ட் இடையில் வந்தார். "மிஸ் ஹால்வர்சன், என் மனைவி தவறிப்போன அன்னிக்கு அந்தப் படத்தைப் போட்டுப் பாத்தேன். வேற எதுவும் பாக்கத் தோணல. அழாம ஒரு வேலையைச் செஞ்சு முடிக்கலாம்னு அந்தக் கை சொல்லுச்சு. அடுத்த நாள் காலையில கடையைத் திறந்தேன்." தொப்பியைத் தொட்டுக்கொண்டார். "அதுக்கு ஒரு வெண்கலம் வைக்கிறது பெருசில்லீங்க."

அகஸ்டா உட்கார்ந்தாள். மனிதரை அசடாக எழுதிய தாள்களை நான் கிழித்துவிட்டேன்.

5

இங்கே ஒரு காட்சி வேண்டும். நான் பார்க்காத காட்சி. அம்மா சொன்னதுமில்லை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை, பழைய படமாக அது மறுபடி ஊருக்கு வந்தபோது என்னைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து சொன்னாள்: "அது என் கை. வீட்டுல வேணாம். உனக்கு மட்டும்." கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "அந்தம்மா நல்ல மனுஷி. கத்திதான் பிடிக்கத் தெரியல," என்றாள். மற்றதை நான் இட்டுக்கட்டுகிறேன்.

கோரா விண்டம் உரித்த பழமெல்லாம் கந்தலாகிறது. படக்காரர் ஒருவர் பக்கத்து ஊர்க் கொட்டகைக்கு வந்து, தோல் அறாமல் உரிக்கிறவர் யார் என்று கேட்கிறார். எல்லோரும் ஆல்மாவைக் காட்டுகிறார்கள். அம்மாவுக்கு உரிப்பதில் கஷ்டமில்லை. சொன்ன இடத்தில் அறுப்பதுதான் வரவில்லை. கை கேட்கமாட்டேன் என்கிறது. திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். நடுவில் நடிகை பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்த விரலைத் தொடுகிறாள்.

"இது எப்படி ஆச்சு?"

'அம்மா மேஜையில் சொல்கிற அதே குரலில்—'

இல்லை. இதற்குமேல் எழுதினால் வேஷம் கட்டியதுபோல் ஆகிறது. நடிகை கேட்டாள், அம்மா குதிரையைச் சொன்னாள் என்பது மட்டும் நிச்சயம். நிச்சயம் என்று எப்படிச் சொல்கிறேன் என்பதுதான் அடுத்த பகுதி.

6

மன்றத்தின் சடங்கு இது: துணி விலக்கும் முன் எல்லோரும் ஆளுக்கொரு ஆரஞ்சு உரிக்கவேண்டும். யாருக்கும் முழுசாக வராது. அறுந்த தோலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொள்வார்கள். அகஸ்டாவின் மடியிலும் ஒரு பழத்தையும் கத்தியையும் வைத்தார்கள். மறுத்தால் மரியாதை இல்லை. உரிக்கத் தொடங்கினாள்.

லேலண்ட், மன்றத்தார் மனப்பாடமாக அறிந்த வானொலிப் பேட்டியைச் சொல்ல ஆரம்பித்தார். கோரா விண்டம் தன் விரலைப் பற்றிச் சொன்னது. "சின்ன வயசுல, ஒரு ஆரஞ்சுத் தோப்புல, சாயங்காலம். தெரிஞ்சவங்க வீட்டுக் குதிரை. பேரு பிஷப்."

அகஸ்டாவின் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது.

"பாம்பைப் பாத்து மிரண்டுருச்சு. அவங்க விழுந்தாங்க. ஆனா பெரிய மனசு பாருங்க, கடைசியில என்ன சொன்னாங்க?"

கூட்டம் ஒரே குரலில் முடித்தது: "பிஷப் மேல தப்பில்ல."

தாத்தாவின் சாப்பாட்டு மேஜையில் பேசின வாக்கியம். ஊர் பேர் தெரியாத மனிதர்கள் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு சொல்கிறார்கள். அந்த நடிகை 'என் கை அல்ல' என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் கையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஆல்மா கொடுத்த கதையைத்தான் கொடுத்திருக்கிறாள். பிசகாமல், ஒரு சொல் கூட்டாமல். பெட்டி மூடி விஷயம் வெளியே வராமல் ஹால்வர்சன்களோடு சேர்ந்து அவளும் கட்டிக் காத்து வந்திருக்கிறாள். அகஸ்டாவுக்கு, வந்த காரியத்தை எங்கே வைத்தோம் என்றே தெரியாமல் போயிற்று.

"நல்ல குதிரைதான்," என்று லேலண்ட் தொடர்ந்தார். "வலது காது நுனி மட்டும் கிழிஞ்சிருக்குமாம்."

"இடது," என்றாள் அகஸ்டா.

சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது. குடும்ப விஷயத்தில் தப்பு சொன்னால் அவளால் பொறுக்க முடியாது. இல்லாத குதிரையாக இருந்தாலும் காது காதுதான்.

ஜூடித் துணியின் நுனியைப் பிடித்தபடி திரும்பினாள். "அத்தை?"

"இடதுதான்," என்றார் லேலண்ட் மெதுவாக. "நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். ஆனா நீங்க அந்தப் பேட்டியைக் கேட்டதில்லையே, மிஸ் ஹால்வர்சன்." அவர் கண் அவள் மடிக்குப் போனது. தோல் ஒரே நாடாவாக, அறாமல், அவள் முழங்காலைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பேட்டியில ஒண்ணு மட்டும் அவங்க சொல்லல. ரொம்ப நாளா எனக்குத் தெரிஞ்சுக்கணும். பிஷப் என்ன நிறங்க?"

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) அகஸ்டா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறாள். அம்மா பெயர், கொட்டகை, மூடி. ஜூடித் அழுகிறாள். வெண்கலத்தின் கீழே பெயர் மாறுகிறது. இதை எழுதும்போது கை ஓடியது. படித்துப் பார்த்தபோது, அம்மா கைப்பைக்கு அடியில் கையை இழுத்துக்கொள்வது தெரிந்தது.

(ஆ) "எனக்கென்ன தெரியும், குத்துமதிப்பாச் சொன்னேன்," என்கிறாள் அகஸ்டா. பழத்தை மேஜையில் வைத்துவிட்டுக் காருக்குப் போகிறாள். எங்கள் வீட்டுக்கு மிகவும் பொருந்துகிற முடிவு. எழுதி முடித்து அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். இன்னும் கவிழ்ந்தே இருக்கிறது.

(இ) அவள் நிறத்தைச் சொல்கிறாள். அதை மட்டும். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. கொட்டகை கொட்டகையாகவே இருக்கிறது, தாத்தாவின் பெயருக்குப் பங்கமில்லை. ஆனால் லேலண்டுக்கு யார் கை என்று தெரிந்துவிடும். ஜூடித்துக்கும். ஒரு குதிரையின் நிறத்தைக் கொடுத்து ஓர் அம்மாவைக்—

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.

நீதானே அகஸ்டா, நடந்தது உனக்குத் தெரியுமே என்று கேட்பீர்கள். தெரியும். எழுதியதாலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டதே என்றும் கேட்பீர்கள். இது கதை. கதை என்று தலைப்பிட்டுவிட்டால் யாரும் சாட்சிக்கு இழுக்கமுடியாது. எங்கள் வீட்டில் இந்த வித்தையை முதலில் செய்தவள் அம்மா, நான் இரண்டாமவள்.

ஆகவே கூட்டத்தை அப்படியே நிறுத்தி உங்களிடம் விட்டுப்போகிறேன். துணியின் நுனி ஜூடித்தின் கையில் இருக்கிறது. வயதான மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருக்கிறார். கிழவி வாயைத் திறந்துவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு குதிரை இருந்திருக்கும், யாரும் பார்க்காத குதிரை. அதன் நிறம் உங்களுக்குத் தெரியும். அவர் கேட்கிறார், சொல்வதா வேண்டாமா என்று நீங்களே பாருங்கள்.

எப்படியானாலும், பிஷப் மேல் தப்பில்லை.